கடற்பாசி வளர்ப்பு: மிதவை கிடைக்கிறது, விதை கிடைக்கிறதா?

கோடை வந்துவிட்டால் தில்லியில் மாலை வேளைகளில் இந்தியா கேட் பக்கம் ஐஸ்கிரீம் வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். ஐஸ்கிரீமில் பனித்துகள் நறநறக்காமல், வாயில் வழவழவென்று இருப்பதற்காகச் சில பொருள்களைச் சேர்ப்பார்கள். அவற்றுள் ஒன்று கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. அடுத்த முறை ஐஸ்கிரீம் டப்பாவையோ, சாக்லேட் பால் பெட்டியையோ வாங்கும்போது அதன் பக்கவாட்டில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். 407 என்ற எண் இருந்தால் அது காரஜீனன் என்னும் பாசிச்சத்து. 406 என்றிருந்தால் அது அகர். நம் வீடுகளில் 'சைனா கிராஸ்' என்றும், ரம்ஜான் மாதத்தில் தமிழக முஸ்லிம் இல்லங்களில் 'கடல்பாசி' என்றும் சொல்லி இனிப்பாகச் செய்யும் அதே பொருள்தான்.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் படித்த பட்ஜெட் உரையில், தமிழ்நாட்டில் ஒரு பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என்ற அறிவிப்பு இருந்தது. வருமான வரி பற்றி எப்போது சொல்வார் என்று காத்திருந்த நம்மில் பலருக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்திருக்காது. ஆனால் இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலும் பாம்பனிலும் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அது முக்கியமான செய்தி. அந்தத் தொழில் என்ன, அதற்கு அரசு என்ன உதவி செய்கிறது, அந்த உதவி நிலைக்க வேண்டுமானால் இன்னும் என்ன தேவை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பாசி என்பது எது?

குளத்தில் வழுக்கிவிடும் பாசி வேறு, நாம் இங்கே பேசும் கடற்பாசி வேறு. இது ஒரு முழம், இரண்டு முழம்கூட வளரக்கூடியது. வேர் இல்லை, பூ இல்லை. சூரிய ஒளியையும் கடல் நீரில் கரைந்துள்ள சத்துகளையும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சி வளர்கிறது. சிவப்பு, பழுப்பு, பச்சை என மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்று நம் கடற்கரையில் அழைக்கப்படும் சிவப்புப் பாசிகளிலிருந்து அகர் கிடைக்கிறது. பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. துணிகளுக்குச் சாயம் அச்சிடும் ஆலைகளில் இதற்கு நல்ல தேவை உண்டு.

இந்தியாவில் பாசி இயலுக்கு அடித்தளம் இட்டவர் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927-ஆம் ஆண்டிலேயே அவர் எழுதியுள்ளார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டு, 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. கஞ்சிப்பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கும் சோதனைகளை 1970-களிலேயே அது மண்டபத்தில் நடத்தியது. ஆகவே இது நேற்று முளைத்த யோசனை அல்ல. அறிவு நம்மிடம் நெடுங்காலமாகவே இருந்தது. தொழிலாக வளரத்தான் காலம் பிடித்தது.

முங்கி எடுக்கும் பெண்கள்

வளர்ப்பு வருவதற்கு வெகு முன்பே, 1960-களிலிருந்து, தானாக விளைந்த பாசியைப் பறித்து விற்பது இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு தொழில். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். புடைவைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு. இவ்வளவுதான் அவர்களுடைய சாதனம். மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்ப்பார்கள். அது காய்ந்தபின் மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்குப் போகும்.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளைக் காக்க அது தேவையான நடவடிக்கை. ஆனால் அந்தப் பாறைகளை நம்பிப் பிழைத்த பெண்களுக்குத் தங்கள் பாட்டி போன இடம் தடைசெய்யப்பட்ட இடமாகிவிட்டது. பிடிபட்டால் பறித்த பாசியும் போகும், அபராதமும் கட்ட வேண்டும் என்ற நிலை. அவர்கள் சங்கமாகத் திரண்டு, பறிக்கும் நாள்களைத் தாங்களே குறைத்துக்கொண்டு, அரசிடமும் பேசினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது.

பறிக்க இடம் குறையும்போது வளர்த்து எடுக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. காட்டில் கிழங்கு தோண்டியவன் தோட்டத்தில் நடத் தொடங்கியதைப் போன்ற மாற்றம் இது.

'பெப்சி பாசி' வந்த கதை

வளர்ப்புக்கு உரியதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது கப்பாஃபைகஸ் என்னும் சிவப்புப் பாசி. காரஜீனன் இதிலிருந்துதான் கிடைக்கிறது. இதன் தாயகம் பிலிப்பைன்ஸ் கடற்பகுதி. குஜராத் மாநிலம் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1984-இல் ஜப்பானிலிருந்து இதன் விதைப்பாசியைக் கொண்டுவந்தது. முதலில் குஜராத்தின் ஓகா கடற்கரையிலும், 1990-களின் நடுவில் மண்டபத்திலும் சோதனைகள் நடந்தன. மண்டபம் இதற்கு நன்றாக ஒத்துவந்தது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி பெப்சிகோ இந்தியா நிறுவனம் இந்த நிலையத்திடம் தொழில்நுட்ப உரிமம் பெற்று, மண்டபம் அருகே முனைக்காட்டில் ஒப்பந்த முறையில் பாசி வளர்ப்பைத் தொடங்கியது. குளிர்பானக் கம்பெனி கொண்டுவந்ததால் மீனவ மக்கள் அதற்கு 'பெப்சி பாசி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2008-இல் அந்தத் தொழில் அக்வாஅக்ரி என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. பெயர் மட்டும் மாறவில்லை.

வளர்க்கும் முறை எளிமையானது. பன்னிரண்டு அடி மூங்கில்களைச் சதுரமாகக் கட்டினால் ஒரு மிதவை. அதில் 20 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் சுமார் 20 இடங்களில் கைப்பிடி அளவு விதைப்பாசியைக் கட்ட வேண்டும். ஒரு மிதவைக்கு ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசி பிடிக்கும். மீன்கள் கொறித்துவிடாமல் அடியில் ஒரு வலை. மிதவையைக் கரைக்கு அருகே ஆழம் குறைந்த நீரில் நங்கூரமிட்டு நிறுத்திவிட்டால், 45 நாளில் ஏறக்குறைய 260 கிலோ பாசி விளைந்திருக்கும். நிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரம் வேண்டாம்.

இந்த 45 நாள் கணக்கில் ஓர் அழகு உண்டு. ஒரு குடும்பத்துக்கு 45 மிதவைகள் இருந்தால், தினம் ஒன்றை அறுத்து, அதிலேயே மறுபடி விதை கட்டிக் கடலில் விடலாம். 46-ஆம் நாள் முதல் மிதவை மீண்டும் தயாராக இருக்கும். மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இதன் அருமை உடனே புரியும். கடலுக்குப் போனால் மீன் கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருந்த வீட்டுக்கு, நாள்தோறும் ஒரு வரவு.

அந்த வரவு எவ்வளவு? 260 கிலோவில் 60 கிலோவை மறு நடவுக்கு ஒதுக்கினால் மீதி 200 கிலோ. பச்சைப்பாசி பத்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. ஆக 20 கிலோ உலர்ந்த பாசி. தொடக்க ஆண்டுகளில் உலர்ந்த பாசிக்குக் கிலோவுக்கு நாலரை ரூபாய்தான் கிடைத்தது. பின்னர் அது 35 ரூபாய் வரை உயர்ந்தது. 35 ரூபாய் விலையில் ஒரு நாள் வரவு 700 ரூபாய். கயிறு, மூங்கில், வலைச் செலவு போக மீதி வீட்டுக்கு. சுய உதவிக் குழுக்கள் வழியே வங்கிக் கடனும் கிடைத்ததால் பெண்கள் ஏராளமாக முன்வந்தார்கள். 2001-இல் 21 டன்னாக இருந்த உலர்ந்த பாசி உற்பத்தி 2013-இல் 1,490 டன்னாக வளர்ந்தது.

2013-க்குப் பின் விழுந்த அடி

அந்த உச்சத்தை அடைந்த கையோடு தொழில் சரிந்தது. கடல் நீரின் வெப்பம் கூடியது. பாசித் தண்டு வெளுத்து, இற்று, ஒடிந்து விழுந்தது. 'ஐஸ்-ஐஸ்' என்று பிலிப்பைன்ஸ் விவசாயிகள் பெயரிட்ட இந்த நோய் உலகெங்கும் கப்பாஃபைகஸ் வளர்ப்போருக்குத் தெரிந்த எதிரி. மிதவைகள் அப்படியே இருந்தன. கட்டுவதற்கு நல்ல விதைப்பாசிதான் இல்லை. பல குடும்பங்கள் தொழிலைவிட்டே விலகின.

இங்கேதான் பிரச்சினையின் மையம் இருக்கிறது. கப்பாஃபைகஸ் வளர்ப்பில் விதை என்று நாம் சொல்வது உண்மையில் விதை அல்ல. பழைய பாசியை ஒடித்து, அந்தத் துண்டையே மறுபடி கட்டுவது. கரும்பில் கரணை வெட்டி நடுவதைப் போல. 1984-இல் வந்த கொஞ்சம் பாசியைத்தான் இத்தனை ஆண்டுகளும் ஒடித்து ஒடித்து நட்டுவந்தோம். ஒரே கரும்பின் கரணையைத் தலைமுறை தலைமுறையாக நட்டால் என்ன ஆகும் என்று தஞ்சாவூர் விவசாயியைக் கேட்டால் சொல்வார். வீரியம் குறையும். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

இன்னொரு தொல்லை வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். மிதவைகளைக் கரையேற்றிவிட வேண்டும். மழைக்காலம் முடிந்து மறுபடி தொடங்கும்போது விதைப்பாசிக்கு எங்கே போவது? ஒவ்வொரு தை மாதமும் இந்தக் கேள்வி எழுகிறது.

பவளப்பாறைக்கு வந்த அச்சம்

இதற்கிடையே வேறொரு வழக்கும் எழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பாசி நம் கடலில் தறிகெட்டுப் பரவினால் என்ன செய்வது? அச்சம் காரணமில்லாதது அல்ல. ஹவாய்த் தீவின் கானியோஹி விரிகுடாவில் 1970-களில் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட இதே இனத்துப் பாசிகள் பவளப்பாறைகள் மீது போர்வைபோல் படர்ந்துவிட்டன. பின்னாளில் படகில் பெரிய உறிஞ்சுகுழாய் இயந்திரத்தை ஏற்றிவந்து அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. இங்கேயும் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது கப்பாஃபைகஸ் படர்ந்திருப்பதாக மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் அறிவித்தார்கள். பின்னர் வேறு சில தீவுகளிலும் அது காணப்பட்டது. வளர்ப்பை ஆதரிக்கும் விஞ்ஞானிகளோ, மிதவையிலிருந்து ஒடிந்த துண்டுகள் போய் ஒட்டினவே தவிர, அது தானாக வித்திட்டுப் பரவவில்லை, கையால் அகற்றிவிடலாம் என்றார்கள்.

தமிழக அரசு 2005 டிசம்பரிலேயே ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. பாக் நீரிணையின் வடபகுதியிலும், தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டுமே இந்த வெளிநாட்டுப் பாசியை வளர்க்கலாம் என்பது அதன் சாரம். இடைப்பட்ட மன்னார் வளைகுடாவுக்கு அது கூடாது. பாசித் தொழிலுக்கு எதிரான ஆணை என்று சிலர் இதைக் கருதுவதுண்டு. அப்படி அல்ல. பவளப்பாறை அழிந்தால் மீன் போகும். மீன் போனால் பாசி வளர்க்கும் அதே குடும்பத்தின் மற்றொரு வரவும் போகும். எல்லையை வகுத்துக் கொடுப்பதும் அரசின் ஆதரவில் ஒரு பகுதியே.

பாக் நீரிணையிலும் எச்சரிக்கை வேண்டும். அங்கே கடலடியில் கடற்புல் மேய்ச்சல் வெளிகள் உள்ளன. கடற்பசுக்கள் வாழ்வது அவற்றை நம்பித்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்புல் மீது நெருக்கமாக மிதவைகளைப் பரப்பினால் வெயில் அடியில் இறங்காது. மிதவையை எங்கே போடுவது என்பது எத்தனை மிதவை போடுவது என்பதைவிடப் பெரிய கேள்வி.

தில்லியிலிருந்து போன திட்டங்கள்

2020 செப்டம்பரில் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் தொடங்கப்பட்டது. மீன்வளத்துக்காக ஐந்தாண்டுகளில் 20,050 கோடி ரூபாய் முதலீடு என்பது திட்டம். அதில் கடற்பாசிக்கு மட்டும் 640 கோடி. ஆண்டுக்கு 11.2 லட்சம் டன் பாசி உற்பத்தி என்ற இலக்கும் வைக்கப்பட்டது. உலகில் ஓராண்டில் வளர்க்கப்படும் பாசி மூன்றரைக் கோடி டன்னுக்கு மேல். சீனாவும் இந்தோனேசியாவும்தான் முன்னணியில் நிற்கின்றன. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட இந்தியாவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே இலக்கு பெரிதாக இருந்ததில் வியப்பில்லை.

இத்திட்டத்தில் ஒரு மிதவையின் மதிப்பு, விதைப்பாசி உட்பட, 1,500 ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம் மானியம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதம். 45 மிதவை போடும் ஒரு பெண்ணுக்கு மொத்தச் செலவு 67,500 ரூபாய் என்றால் அவர் கையிலிருந்து போட வேண்டியது 27,000 ரூபாய். மீதி அரசு மானியம். நாடு முழுவதும் 46,095 மிதவைகளுக்கும், ஆழமும் அலையும் உள்ள இடங்களுக்கு ஏற்ற 65,330 கயிற்று, குழாய்வலை அலகுகளுக்கும் ஒப்புதல் வழங்கப்பட்டது.

பட்ஜெட்டில் சொன்ன கடற்பாசிப் பூங்கா 127.71 கோடி ரூபாய் மதிப்பீட்டில் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. விதைப்பாசி நாற்றங்கால், திசு வளர்ப்புக் கூடம், தரப் பரிசோதனைக் கூடம், பதப்படுத்தும் வசதி, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் என்பதே அதன் நோக்கம்.

2021-இல் மற்றொரு முடிவும் வந்தது. பயிர் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. இதற்கும் பாசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பச்சைக் கப்பாஃபைகஸைப் பிழிந்தால் வரும் சாறு நல்ல பயிர் ஊக்கி. இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் 'சாகரிகா' என்ற பெயரில் விற்பது கடற்பாசிச் சாற்றைத்தான். பாசிச் சாறு இவ்வளவு தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வரையறுத்துவிட்டால், போலிச் சரக்கு குறையும், நல்ல சரக்குக்குச் சந்தை விரியும். கடற்கரைப் பெண்ணின் மிதவைக்கும் பஞ்சாபின் கோதுமை வயலுக்கும் இப்படி ஒரு தொடர்பு ஏற்பட்டிருக்கிறது.

2024 அக்டோபரில் உயிருள்ள கடற்பாசியை இறக்குமதி செய்வதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய மீன்வளத் துறை வெளியிட்டது. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் நான்கு வாரத்தில் அனுமதி. வந்த பாசியைத் தனிமைப்படுத்தி வைத்து நோய் இல்லை என்று உறுதிசெய்தபின்தான் கடலில் இறக்கலாம். பழைய விதையின் வீரியம் குறைந்துவிட்டது என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் பாசி வளர்ப்புக்கான சிறப்பு மையமாகவும் அறிவிக்கப்பட்டது.

கோப்பில் உள்ள கணக்கும் கடலில் உள்ள கணக்கும்

அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு மிதவையில் மறு நடவு போக 200 கிலோ. பருவமழைக் காலத்தைக் கழித்தால் ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு அறுவடை. அதாவது ஒரு மிதவைக்கு ஒரு டன் அல்லது சற்று மேல். ஒப்புதல் பெற்ற 46,095 மிதவைகளும் குறையின்றி விளைந்தாலும் ஏறக்குறைய 50,000 டன்தான். 11.2 லட்சம் டன் இலக்கில் இது இருபதில் ஒரு பங்கு. மீதி முழுவதும் கயிற்று முறையிலிருந்தும் புதிய கடற்பரப்புகளிலிருந்தும் வர வேண்டும்.

இதைவிடச் சிந்திக்க வேண்டியது அடுத்த கணக்கு. 46,095 மிதவைகளுக்கு, மிதவைக்கு 60 கிலோ வீதம், 2,700 டன்னுக்கு மேல் உயிருள்ள விதைப்பாசி வேண்டும். அதுவும் பருவமழை முடிந்த சில வாரங்களுக்குள், வாடாமல், நோயில்லாமல். மூங்கிலையும் கயிற்றையும் டெண்டர் விட்டு வாங்கிவிடலாம். விதைப்பாசியை அப்படி வாங்க முடியாது. யாராவது வளர்த்து வைத்திருந்தால்தான் உண்டு. மானியத்தில் மிதவை வந்து, விதை வராமல் மூங்கில் கரையில் கிடந்தால், கோப்பில் செலவு முடிந்திருக்கும், கடலில் பயிர் இருக்காது.

ஜப்பானின் அனுபவம் இங்கே நமக்கு உதவும். அங்கே நோரி என்னும் பாசியை மக்கள் நூற்றாண்டுகளாக வளர்த்தும், அதன் விதை எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் அதிர்ஷ்டத்தை நம்பியே இருந்தார்கள். 1949-இல் காத்லீன் ட்ரூ பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி, அந்தப் பாசியின் வாழ்க்கையில் ஒரு பருவம் சிப்பி ஓட்டுக்குள் கழிகிறது என்று கண்டுபிடித்தார். அதன்பின் விதையைக் கூடத்திலேயே உண்டாக்க முடிந்தது. ஜப்பானுக்கு ஒருமுறைகூடச் செல்லாத அவருக்கு, நன்றியோடு நினைவுச் சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஏப்ரல் 14-இல் விழா எடுக்கிறார்கள் அங்குள்ள பாசி விவசாயிகள். அதே 1949-இல் ஜப்பான் ஒரு மீன்வளச் சட்டமும் இயற்றியது. அதன்படி குறிப்பிட்ட கடற்பரப்பில் பாசி வளர்க்கும் உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்கப்பட்டது. விதை நிச்சயம், இடம் நிச்சயம் என்ற இரண்டும் சேர்ந்ததால் தொழில் வேரூன்றியது.

நம் நாட்டில் இடத்தின் கதை சற்றுச் சிக்கலானது. அரசியல் சட்டப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எல்லைக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில். தேசியப் பூங்கா வனத்துறையிடம். பணம் தருவது மத்திய அரசு, இடம் காட்ட வேண்டியது மாநில அரசு. வயலுக்குப் பட்டா உண்டு. மிதவை கிடக்கும் நீருக்கு அப்படி ஒரு காகிதம் குடும்பத்தின் கையில் இருப்பதில்லை. நாளை ஒரு பெரிய கம்பெனி வந்தாலோ, படகுக்காரர்கள் வழி கேட்டாலோ, அந்தப் பெண் எதைக் காட்டித் தன் உரிமையை நிலைநாட்டுவார்? வங்கி மேலாளரும் கடனுக்கு முன் இதைத்தானே கேட்பார்?

மூன்றாவது தேவை, விலை. வாங்குபவர் ஒருவராக இருக்கும்வரை அவர் சொன்னதே விலை. உலகச் சந்தையில் இந்தோனேசியப் பாசி மலிந்தால் மண்டபத்தில் விலை இறங்கும். பாலுக்குக் கூட்டுறவு சங்கம் செய்ததைப் பாசிக்கும் செய்ய முடியும். சுய உதவிக் குழுக்கள் தாங்களே உலர்த்தி, தரம் பிரித்து, இருப்பு வைத்து விற்க ஒரு கிடங்கு இருந்தாலே பேரம் பேசும் பலம் கூடும். புயலில் மிதவை அடித்துக்கொண்டு போனால் ஈடுகட்டக் காப்பீடும் வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியது

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 2020-க்குப் பிறகு இந்தத் தொழிலுக்குக் கிடைத்த கவனம் அதற்கு முன் கிடைத்ததில்லை. மானியம், பூங்கா, இறக்குமதி நெறி, தரக் கட்டுப்பாடு என்று வரிசையாக முடிவுகள் வந்துள்ளன. ஆனால் மிதவையின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றியை அளந்தால், 2013-இல் நடந்தது மறுபடியும் நடக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தை மாதத்தில் நல்ல விதைப்பாசி கிடைத்ததா? மிதவை கிடக்கும் நீருக்கு அந்தக் குடும்பத்திடம் உரிமைச் சீட்டு இருக்கிறதா? விலை சொல்ல ஒருவருக்கு மேல் ஆள் இருக்கிறார்களா?

தில்லித் தமிழர்களான நமக்கு இதில் என்ன பங்கு என்று எண்ணலாம். இந்தத் திட்டங்களின் ஆண்டறிக்கைகளும், நாடாளுமன்றக் கேள்வி பதில்களும் இந்த நகரில்தான் வெளியாகின்றன. அவற்றைப் படிக்கும் பழக்கமும் புரிந்துகொள்ளும் அனுபவமும் நம்மில் பலருக்கு உண்டு. நம் தொகுதி உறுப்பினரையோ, ஊர்ப்பக்கத்து உறுப்பினரையோ சந்திக்கும் வாய்ப்பு சங்க விழாக்களில் கிடைக்கிறது. அப்போது இந்த மூன்று கேள்விகளையும் அவர்கள் காதில் போட்டு வைக்கலாம். இராமேசுவரத்துக்கு யாத்திரை போகிறவர்கள், பாம்பன் பாலத்தில் இரயில் போகும்போது கடலை மட்டும் பார்த்துவிட்டு வராமல், வழியில் மண்டபத்தில் இறங்கி அந்த மிதவைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். காலை வேளையில் போனால், கரையில் உட்கார்ந்து கயிற்றில் விதைப்பாசி கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்வார்கள்.